வயதான நாய், பூனைக்கு வீட்டிலேயே மாதப் பரிசோதனை

"வயசாயிடுச்சு, அதான் படுத்தே கிடக்குது" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அந்தச் சோர்வுக்குப் பின்னால் மூட்டுவலியோ, பல்லில் சீழோ, சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம். நாய்க்கு 7, பூனைக்கு 10 வயது தாண்டியதும் ஒரு நோட்டுப் போட்டு, மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

1. எடை. செல்லத்தைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறுங்கள். அப்புறம் உங்கள் எடையைக் கழியுங்கள். 4 கிலோ பூனைக்கு 400 கிராம் குறைவது பெரிய இழப்பு. நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

2. தண்ணீர். எனக்கு இதுதான் முக்கியம். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். மூன்று நாள் சராசரி எடுங்கள். ஒரு கிலோ எடைக்கு நாய் 100 மில்லிக்கு மேலும், பூனை 50 மில்லிக்கு மேலும் குடித்தால் சிறுநீரகம், சர்க்கரை போன்ற கோளாறு இருக்கலாம். குளியலறை வாளியை மூடிவையுங்கள், இல்லாவிட்டால் கணக்குத் தப்பும். கருத்தடை செய்யாத பெண் நாய், இனச்சேர்க்கைப் பருவம் முடிந்த சில வாரங்களில் அதிகமாகத் தண்ணீர் குடித்துச் சோர்ந்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

3. மூச்சு. அசந்து தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். அடிக்கடி 30-ஐத் தாண்டினால் இதயத்தையும் நுரையீரலையும் பார்க்க வேண்டும். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே கிளம்புங்கள்.

4. உடம்பு. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். உடம்பெல்லாம் தடவிக் கட்டி தேடுங்கள். பூனையின் நகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: வயதானால் தடித்து, வளைந்து, பாதத்துச் சதைக்குள்ளேயே குத்தி நிற்கும். பீரோ மேல் தாவுவதை நிறுத்திய பூனைக்குப் பெரும்பாலும் மூட்டுவலி இருக்கும்.

வலிக்கிறதே என்று நம் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

சரி, டாக்டரிடம் போகும்போது நோட்டோடு போங்கள். இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு) ஏறுவதற்குள் சிறுநீரகம் பெரும்பகுதி கெட்டிருக்கும், அதனால் சிறுநீர்ப் பரிசோதனையும் கேளுங்கள். நாயாக இருந்தால், காலையில் முதலில் போகும் சிறுநீரைக் கழுவிக் காயவைத்த கரண்டியில் பிடித்து, மூடியுள்ள டப்பாவில் கொண்டுபோனால் போதும்.