காலாவதியாகாத மெடிக்கலும் பூட்டிய சாவியும்

2021 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. டெக்சாஸில் நான் வாடகைக்கு எடுக்கும் செஸ்னா 172 சிறு விமானத்தை முன்பதிவு செய்யப் போனால், கணினி தடுத்துவிட்டது: 'மெடிக்கல் காலாவதி'. (மெடிக்கல் என்றால் விமானிக்குத் தேவையான உடல்தகுதிச் சான்றிதழ்.) கவுண்டரில் இருந்தவரும் அதையே சொன்னார். "உங்களுக்கு நாற்பது தாண்டிவிட்டது சார், இரண்டு வருஷம்தான்."

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. சான்றிதழை எடுத்துப் பார்த்தால் அதில் காலாவதித் தேதியே இல்லை! பரிசோதனை நடந்த தேதி மட்டும்தான்: 2019 மார்ச் 6.

வீட்டுக்கு வந்து அமெரிக்க விமான விதி 61.23-ஐ நிதானமாகப் படித்தேன். சொந்தத் தேவைக்குப் பறப்பவர்களுக்கான மூன்றாம் வகுப்பு மெடிக்கலுக்குப் பரிசோதனை நாளன்று நாற்பது நிரம்பாதிருந்தால் 60 மாதம். நிரம்பியிருந்தால் 24 மாதம். அன்றைய வயதுதான் கணக்கு. எனக்கு அன்று 39, அடுத்த மாதம்தான் பிறந்தநாள். இன்னொன்று, முடிவது அதே தேதியில் இல்லை, அந்த மாதத்தின் கடைசி நாளில். ஆக, 2024 மார்ச் 31 வரை.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அதில் என் பிறந்த தேதியையும் பரிசோதனைத் தேதியையும் எழுதி அடிக்கோடிட்டுக் கவுண்டரில் நீட்டினேன். பத்து நிமிஷத்தில் சாவி கைக்கு வந்தது. (மன்னிப்பு வரவில்லை.)

2024-இல் மறுபடி மெடிக்கல் எடுத்தால் 24 மாதம்தானே என்று, மெடிக்கலுக்குப் பதிலாக அனுமதிக்கப்படும் பேசிக்மெட் (BasicMed) முறைக்கு மாறிவிட்டேன். வழக்கமான குடும்ப டாக்டரே 48 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்து, படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டால் போதும். இணையவழிப் பாடம் மட்டும் 24 மாதத்துக்கு ஒருமுறை. அதை மறந்துவிடுவேன் என்று காலண்டரில் சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறேன்.