இதயச் சிக்னலிலிருந்து இதய நிலையைக் கணிக்கும் தொழில்நுட்பம்: காப்புரிமை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இசிஜி, மணிக்கட்டு பிபிஜி (ஒளியால் நாடித்துடிப்பை அளப்பது), இதய ஒலி, மார்பில் ஒட்டிய ஆக்ஸிலரோமீட்டர் (அசைவை அளக்கும் சென்சார்) என்று எந்தச் சிக்னலை எடுத்தாலும், அதிலிருந்து இதய நிலையைக் கணிக்கும் விண்ணப்பம் ஆய்வு மேசையில் சந்திக்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். இது நோயறியும் முறையா? வெறும் அல்காரிதமா? ஏற்கெனவே வெளியானதா? இதைப் படித்து இன்னொருவர் செய்து பார்க்க முடியுமா? இந்த நான்குக்கும் பதில் முதல் நாளில் தாக்கல் செய்த விவரக்குறிப்பில் (கண்டுபிடிப்பை முழுதாக விளக்கும் ஆவணம்) இருந்தாக வேண்டும். பிறகு வழக்கறிஞர் எவ்வளவு திறமையாக வாதாடினாலும், அதில் இல்லாத தொழில்நுட்ப விவரத்தை உள்ளே கொண்டுவர இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு இடம் தராது. கீழே சொல்லும் தவறுகளில் முக்கால்வாசி, தாக்கலுக்கு முந்தைய வாரங்களிலேயே நடப்பவை.

ஐரோப்பிய கிளெய்மை அப்படியே இந்தியாவுக்குக் கொண்டுவருவது

ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 53(சி) பிரிவு, நோயறி முறைகளில், மனித அல்லது விலங்கு உடலின் மீது செய்யப்படுபவற்றை மட்டுமே விலக்குகிறது. 2005 டிசம்பரில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விரிவாக்கிய மேல்முறையீட்டு வாரியம் தந்த ஜி 1/04 கருத்துரை நோயறிதலை நான்கு கட்டமாகப் பிரித்தது: தரவு சேகரிப்பது, இயல்பு மதிப்போடு ஒப்பிடுவது, விலகலைக் காண்பது, அந்த விலகல் எந்த நோயைக் காட்டுகிறது என்று முடிவு செய்வது. நான்கும் கிளெய்மில் (காப்புரிமை எதற்குக் கேட்கப்படுகிறது என்று வரையறுக்கும் வாசகம்) இருந்து, தொழில்நுட்ப இயல்புள்ள படிகள் ஒவ்வொன்றும் உடலோடு தொடர்புகொண்டு நடந்தால்தான் அங்கே தடை. ஒப்பிடும் வேலை கணினிக்குள் நடந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

இந்தியச் சட்டத்தின் 3(ஐ) பிரிவில் 'உடலின் மீது' என்ற வரம்பே இல்லை. மனிதருக்கான மருத்துவ, அறுவை, நோயறி, சிகிச்சைச் செயல்முறை எதற்கும் காப்புரிமை இல்லை என்கிறது அது. 2023 அக்டோபரில் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகமும் சீக்வெனோம் நிறுவனமும் தொடுத்த மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நோயறிதல் உடலுக்குள் நடக்க வேண்டியதில்லை. அறுதியான முடிவாக இருக்கவும் வேண்டியதில்லை. விவரக்குறிப்போடு சேர்த்துப் படிக்கும்போது, அந்தச் செயல்முறையால் சிகிச்சைக்கான நோயறிதலைச் செய்ய முடியும் என்று தெரிந்தால் கிளெய்ம் விழும். செய்ய முடியாதென்றால் நிற்கும்.

இதனால் 'நோயறிதல்' என்ற சொல்லை அழித்து 'மதிப்பிடுதல்' என்று போடுவது உதவாது. கிளெய்மில் 'இதய நிலைக் குறியீடு' என்று எழுதிவிட்டு, விவரக்குறிப்பின் பத்தாம் பக்கத்தில் 'இக்குறியீடு 0.7க்கு மேல் போனால் இதயச் செயலிழப்பு என்று மருத்துவர் முடிவு செய்யலாம்' என்று எழுதியிருந்தால், ஆய்வாளர் அந்த வரியைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்.

3(ஐ) செயல்முறைகளைப் பற்றியது, கருவியைப் பற்றியதல்ல. ஆகவே மின்முனை, பெருக்கி, ஏடிசி (சிக்னலை எண்ணாக மாற்றும் பகுதி), சிக்னல் தரத்தைச் சோதிக்கும் பகுதி, அம்சங்களைப் பிரித்தெடுக்கும் பகுதி, வெளியீட்டுப் பகுதி என்று சாதனமாக ஒரு கிளெய்ம் தொகுதி முதல் நாளிலேயே இருக்கட்டும். முறை கிளெய்ம்களை மட்டும் வைத்துத் தாக்கல் செய்துவிட்டு, ஆட்சேபம் வந்தபின் சாதனமாக மாற்றப் போனால் 59ஆம் பிரிவில் சிக்குவீர்கள். திருத்திய கிளெய்ம் பழைய கிளெய்மின் வரம்புக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பது அங்கே விதி. மாற்றம் சில நேரம் ஏற்கப்படுவதுண்டு. ஆனால் அதை நம்பித் தாக்கல் செய்யக்கூடாது.

எண்ணோடு முடியும் கிளெய்ம்

சாதனமாக எழுதினால் அடுத்து வருவது 3(கே): கணித முறை, வணிக முறை, கணினி நிரல் என்ற அளவில் மட்டும் நிற்பது, அல்காரிதம். 'செயலி, நினைவகம், அதில் ஒரு நியூரல் நெட்வொர்க். வெளியீடு ஒரு நிகழ்தகவு' என்றால் ஆய்வாளர் வடிவத்தை விட்டுவிட்டு உள்ளடக்கத்தைப் பார்ப்பார். ஃபெரித் அல்லானி வழக்கில் 2019இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னபடி, தொழில்நுட்ப விளைவோ பங்களிப்போ இருந்தால் கணினி நிரல் அடிப்படையிலான கண்டுபிடிப்புக்கும் காப்புரிமை உண்டு. புது ஹார்டுவேர் கட்டாயம் என்ற நிலை 2017 வழிகாட்டுதலிலேயே போய்விட்டது. விளைவு என்ன, கிளெய்மின் எந்தப் படி அதைத் தருகிறது என்பதைக் காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது.

இதற்கு நல்ல பாடம் அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் இரண்டு காப்புரிமைகளுக்கு நேர்ந்தது. கார்டியோநெட் எதிர் இன்ஃபோபயோனிக், 2020: துடிப்புக்குத் துடிப்பு நேர இடைவெளியின் மாறுபாட்டைக் கண்டு, அதில் இதயக் கீழறையில் எழும் வென்ட்ரிகுலர் துடிப்புகளால் வந்த மாறுபாட்டைக் கணக்கில் எடுத்து, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனையோ ஃப்ளட்டரையோ (இதய மேலறையின் துடிப்புக் கோளாறுகள்) அடையாளம் காணும் சாதனம். இதய மானிட்டரையே மேம்படுத்துகிறது என்று, அமெரிக்காவில் காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் அதை ஏற்றது. அதே இரு தரப்புக்கும் 2021இல் வந்த இன்னொரு தீர்ப்பில், இதயச் சிக்னலை வடிகட்டித் துல்லியத்தைக் கூட்டுவது அருவமான யோசனை என்று கிளெய்ம் விழுந்தது. முதல் கிளெய்மில் எந்த உடலியல் குழப்பத்தை எந்தத் தர்க்கம் தீர்க்கிறது என்பது எழுதப்பட்டிருந்தது. 'துல்லியம் கூடுகிறது' என்பது விளைவின் பெயர்தான். எதனால் கூடுகிறது என்பதைக் கிளெய்மில் வையுங்கள்.

ஐரோப்பிய அலுவலக வழிகாட்டுதலில், ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டறிய இதய மானிட்டரில் நியூரல் நெட்வொர்க்கைப் பயன்படுத்துவது தொழில்நுட்பப் பங்களிப்பு என்றே உதாரணம் இருக்கிறது. அதை இந்தியப் பதிலில் மேற்கோள் காட்டலாம். ஆனால் அதை மட்டும் நம்பினால் போதாது.

பயிற்சித் தரவை மறைப்பது

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் தரும் தவறு இதுதான். தரவுதான் நம் சொத்து, அதை ஏன் வெளியே சொல்ல வேண்டும் என்று நினைத்து 'பல்வேறு வயது, பாலினம், உடல்நிலை கொண்ட நோயாளிகளின் தரவால் பயிற்றுவிக்கப்பட்டது' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஐரோப்பிய மேல்முறையீட்டு வாரியத்தின் டி 161/18 முடிவு, 2020 மே மாதத்தில், ஏறக்குறைய இதே வாக்கியத்தின் மீதுதான் ஒரு விண்ணப்பத்தை நிராகரித்தது. உடலின் ஓரப்பகுதியில் அளந்த ரத்த அழுத்த வளைவை நியூரல் நெட்வொர்க்கால் பெருந்தமனி அழுத்தத்துக்கு இணையானதாக மாற்றி, அதிலிருந்து இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்த அளவைக் கணிக்கும் கண்டுபிடிப்பு அது. எந்தத் தரவு பொருந்தும் என்று சொல்லவில்லை, பொருந்தும் ஒரு தரவுத் தொகுப்பைக்கூடக் காட்டவில்லை. ஆகவே இத்துறை வல்லுநரால் இதைச் செய்து பார்க்க முடியாது என்றது வாரியம். அதே குறை இன்வென்டிவ் ஸ்டெப்பையும் (துறை வல்லுநருக்கு எளிதில் தோன்றாத புதுமை) சாய்த்தது, ஏனெனில் சொன்ன விளைவு கிடைக்கிறது என்று நம்ப ஆதாரமில்லை.

இந்தியாவில் 10(4) பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், விண்ணப்பதாரருக்குத் தெரிந்த சிறந்த முறையையும் கேட்கிறது. நோயாளிகளின் கோப்புகளைக் கொடுக்கத் தேவையில்லை. இவை இருந்தால் போதும்:

- எந்த லீட் (இசிஜி எடுக்கும் கோணம்) அல்லது சென்சார் இடம், சாம்பிளிங் வேகம், பிட் எண்ணிக்கை, வடிகட்டியின் அலைவரிசை எல்லையும் வகையும்.
- எத்தனை வினாடி ஜன்னல் (ஒரே தடவையில் எடுத்துப் பார்க்கும் சிக்னல் துண்டு), எவ்வளவு மேற்பொருத்தம், எந்த அளவில் சீராக்கம்.
- லேபிள் (ஒவ்வொரு பதிவுக்கும் உரிய சரியான விடை) எங்கிருந்து வந்தது. எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) என்றால் இசிஜிக்கும் எக்கோவுக்கும் இடையே எத்தனை நாள், எந்த எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷனை (ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் சதவீதம்) எல்லையாக எடுத்தீர்கள்.
- பயிற்சி, சரிபார்ப்பு, சோதனை ஒவ்வொன்றிலும் எத்தனை பேர்.
- நெட்வொர்க்கின் அடுக்குகள், லாஸ் ஃபங்ஷன் (கணிப்பின் பிழையை அளக்கும் கணக்கு), பயிற்சியை எப்போது நிறுத்தினீர்கள்.
- மோசமான சிக்னல் வந்தால் சாதனம் என்ன செய்கிறது.

இவற்றில் வடிகட்டி விவரத்தைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடுவார்கள். எஸ்டி பகுதியின் (இசிஜி அலையில் துடிப்புச் சிகரத்துக்குப் பின் வரும் பகுதி) ஏற்ற இறக்கத்தை வைத்துக் கணிப்பதாகச் சொல்லிவிட்டு, 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ் சாதாரண வடிகட்டியைக் காட்டினால், அந்த 0.5 ஹெர்ட்ஸ் கீழ் எல்லையே எஸ்டி பகுதியைச் சிதைக்கும் என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரியும். நோயறித் தரமுள்ள இசிஜிக்கு 0.05 ஹெர்ட்ஸ் வரை இறங்குவது அதனால்தான். அதேபோல 25 ஹெர்ட்ஸ் பிபிஜியில் இரண்டு சாம்பிளுக்கு இடையே 40 மில்லிவினாடி. அதை வைத்துத் துடிப்பு இடைவெளியில் 5 மில்லிவினாடி வித்தியாசத்தைப் பிரிப்பதாகச் சொன்னால், இடையில் எந்த இடைச்செருகல் கணக்கைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் கிளெய்ம் நம்பகத்தன்மை இழக்கிறது.

ஒரே நோயாளி இரு பக்கமும்

பொதுவில் கிடைக்கும் எம்ஐடி-பிஐஎச் அரித்மியா இசிஜித் தொகுப்பில் 47 பேரிடம் எடுத்த 48 பதிவுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம், 360 ஹெர்ட்ஸ். இதில் துடிப்புகளைக் கலைத்துப் போட்டு 80-20 என்று பிரித்தால், ஒரே ஆளின் துடிப்பு பயிற்சியிலும் சோதனையிலும் விழும். 99 சதவீதத் துல்லியம் அப்படித்தான் வருகிறது. மாடல் நோயைக் கற்கவில்லை, ஆளைக் கற்றிருக்கிறது. பதிவுகளை ஆள்வாரியாகப் பிரிப்பது 2004இலிருந்தே துடிப்பு வகைப்பாட்டு ஆராய்ச்சியில் பழகிய நடைமுறை. ஆய்வாளர் இதைக் கவனிக்காமல் விடலாம். 25ஆம் பிரிவில் எதிர்ப்பு தாக்கல் செய்யும் போட்டி நிறுவனம் விடாது. பிரித்த முறையை ஒரு வரியில் எழுதி, ஆள்வாரியாகக் கிடைத்த குறைந்த எண்ணையே கொடுங்கள். உண்மையான 91, சந்தேகத்துக்குரிய 99ஐவிட அதிக காலம் நிற்கும்.

தேடலில் விடுபடுபவை

கண்டுபிடிப்பாளர்கள் காப்புரிமைத் தளங்களில் மட்டும் தேடுகிறார்கள். ஆய்வாளர் ஆய்வுக் கட்டுரைகளையும் எடுப்பார். ஆர் சிகரத்தை (இசிஜியில் ஒவ்வொரு துடிப்பின் உச்சி) கண்டறிவதென்றால் 1985இன் பான்-டாம்கின்ஸ் முறை. 12 லீட் இசிஜியைக் கன்வல்யூஷனல் நெட்வொர்க்கில் செலுத்தி, எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 35 சதவீதமோ அதற்குக் கீழோ என்று சொல்வதென்றால், மேயோ கிளினிக் குழு 2019இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியிட்டுவிட்டது. ஒற்றை லீடில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றால் 2017 பிசியோநெட் (திறந்த மருத்துவச் சிக்னல் தளம்) போட்டிக் கட்டுரைகள் ஏராளம். 'பழைய முறைக்குப் பதில் இயந்திரக் கற்றல்' என்பது தனியே இன்வென்டிவ் ஸ்டெப் ஆகாது. அலைவ்கோர் நிறுவனத்தின் அணிகருவிக் காப்புரிமைகளை ஆப்பிள் எதிர்த்த வழக்கில், இயந்திரக் கற்றலைச் சேர்த்த கிளெய்ம்களும் விழுந்தன. இசிஜித் துடிப்புகளை அப்படி வகைப்படுத்திய 1997 கட்டுரை எதிராக நின்றது. 2025 மார்ச்சில் ஃபெடரல் சர்க்யூட் அதை உறுதி செய்தது.

சொல்லை வைத்து மட்டும் தேடாமல் வகைப்பாட்டுக் குறியீட்டோடு தேடுங்கள். இசிஜிக்கு ஏ61பி 5/318, அதன் பகுப்பாய்வுக்கு 5/346, ஃபிப்ரிலேஷனுக்கு 5/361, நாடித்துடிப்புக்கு 5/024, இதய ஒலிக்கு ஏ61பி 7, கணினித் துணையுடன் நோயறிதலுக்கு ஜி16எச் 50/20. இவற்றில் 5/318 வரிசை 2021இல் வந்தது. பழைய ஆவணங்களின் முகப்பில் 5/0402, 5/0452 என்றே அச்சாகியிருக்கும். பாலிஸ்டோகார்டியோகிராம், சீஸ்மோகார்டியோகிராம் (இதயத் துடிப்பால் வரும் உடல், மார்பு அதிர்வுகளின் பதிவு) என்ற பெயர்களையும் விடாதீர்கள். படுக்கை சென்சார், நாற்காலி சென்சார் விண்ணப்பங்கள் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

இதைவிட வலிக்கும் எதிர் ஆவணம் (புதுமையை மறுக்கக் காட்டப்படும் முந்தைய வெளியீடு) உங்கள் சொந்தக் கட்டுரை. 31ஆம் பிரிவு தரும் 12 மாத விலக்கு குறுகியது: கற்றோர் சங்கத்தில் கண்டுபிடிப்பாளர் வாசித்த கட்டுரை, அச்சங்கத்தின் வெளியீடு, அரசு அறிவித்த கண்காட்சி போன்றவை. ப்ரீபிரிண்ட் தளத்தில் (இதழில் வரும்முன் கட்டுரையை இணையத்தில் வெளியிடும் இடம்) ஏற்றியதும், நிரல் மூலத்தைப் பொதுவில் திறந்து வைத்ததும் அதற்குள் வரும் என்று எண்ணி இருந்துவிட வேண்டாம். கட்டுரை அனுப்பும் முன் தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் கிடைக்கும். புதிதாகச் சேர்க்கும் தரவுக்கு முன்னுரிமைத் தேதி (புதுமையைச் சோதிக்கும் நாள்) மட்டும் பிந்தியதாக இருக்கும்.

காலக்கெடுவும் படிவமும்

2024 மார்ச் 15 முதல், அதற்குப்பின் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு ஆய்வுக் கோரிக்கை 31 மாதத்துக்குள் வர வேண்டும். 48 மாதம் என்ற பழைய நினைப்பில் இருந்தால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகக் கருதப்படும். முதல் ஆய்வு அறிக்கைக்குப் பதில் தர 6 மாதம், படிவம் 4 போட்டு மேலும் 3 மாதம் கேட்கலாம். வெளிநாட்டு விண்ணப்ப விவரத்துக்கான படிவம் 3ஐ, அந்த அறிக்கை வந்த 3 மாதத்துக்குள் புதுப்பிக்க வேண்டும். பத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிளெய்முக்கும், 30க்கு மேற்பட்ட ஒவ்வொரு பக்கத்துக்கும் கூடுதல் கட்டணம் உண்டு. அதற்காகத் தொழில்நுட்ப விவரத்தை வெட்டாதீர்கள்; கிளெய்ம்களை வெட்டலாம்.

இந்தியாவில் வசிக்கும் கண்டுபிடிப்பாளர் நேராக அமெரிக்காவில் தாக்கல் செய்யக்கூடாது. 39ஆம் பிரிவின்படி படிவம் 25இல் அனுமதி பெற வேண்டும், அல்லது இங்கே தாக்கல் செய்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டு மருத்துவமனையோடு சேர்ந்து தரவு எடுக்கும் குழுக்கள் இதில் அடிக்கடி தவறுகின்றன.

பதில் எழுதும்போது

'எதிர் ஆவணம் நம்முடையதைப் போல இல்லை' என்று பத்து பக்கம் எழுதுவது வீண். ஒவ்வொரு கிளெய்ம் அம்சத்துக்கும் எதிரே, அந்த ஆவணத்தின் எந்தப் பத்தியில் அது இருக்கிறது, எது இல்லை, இல்லாத அம்சத்தால் சிக்னலில் என்ன மாறுகிறது என்று அட்டவணை போடுங்கள். உதாரணமாக, ஆக்ஸிலரோமீட்டர் அசைவைக் காட்டும் வினாடிகளை பிபிஜியிலிருந்து நீக்கியபின் தவறான எச்சரிக்கை எத்தனையிலிருந்து எத்தனைக்குக் குறைந்தது என்ற சோதனை முடிவு, 3(கே) ஆட்சேபத்துக்கும் இன்வென்டிவ் ஸ்டெப்புக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். அந்த எண் முதல் நாள் விவரக்குறிப்பில் இருந்தால் அதன் பக்கத்தையும் பத்தியையும் குறிப்பிடுங்கள். பிறகு எடுத்த சோதனை என்றால், முன்பே எழுதிய விளைவுக்கு ஆதரவாக மட்டும் இணையுங்கள். புது விளைவுக்கு அதைக் காட்டினால் எடுபடாது.

விசாரணைக்கு அழைத்தால், துணைக் கிளெய்ம்களாக வைத்திருக்கும் பின்வாங்கும் நிலைகளை முன்கூட்டியே வரிசைப்படுத்துங்கள்: முதலில் எந்தச் சென்சார் சேர்க்கையை விட்டுக்கொடுக்கலாம், எந்த எல்லை மதிப்பைக் கடைசி வரை விடக்கூடாது என்று. விசாரணை முடிந்த 15 நாளுக்குள் எழுத்து வாதமும் திருத்திய கிளெய்மும் போய்ச் சேர வேண்டும். சிக்னல் பொறியாளரையும் அந்த விசாரணையில் உட்கார வையுங்கள். வடிகட்டி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு அவர்தான் நேராகப் பதில் சொல்லக்கூடியவர்.