மூன்று மாதப் பயிற்சியும் ஒரு 'எஸ்'ஸும்: ஆங்கிலக் கூட்டுப் பெயரடைகள்

என் சுயவிவரக் குறிப்பில் 'எ த்ரீ-மந்த்ஸ் கோர்ஸ்' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர் 'எஸ்'ஸைச் சிவப்பு மையில் அடித்துவிட்டார். மூன்று மாதம் என்றால் பன்மைதானே என்று சண்டை போட்டேன். தவறு என்னுடையதுதான்.

முதலில், ஹைஃபன் (சொற்களைக் கோர்க்கும் சிறு கோடு) எங்கே வேண்டும் என்று அறிய, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். 'பிக் ரெட் பஸ்': பிக் பஸ் சரி, ரெட் பஸ் சரி. தனித்தனியே நிற்பதால் ஹைஃபன் வேண்டாம். 'வெல்-நோன் ரைட்டர்': வெல் ரைட்டர் என்றால் பொருளே இல்லை. ஆக, இரண்டும் சேர்ந்துதான் ஒரு பெயரடை, ஹைஃபன் போடுங்கள்.

அடுத்து இடம். அதே சொற்கள் பெயருக்குப் பின்னால் போனால் பெரும்பாலும் ஹைஃபன் போய்விடும்: 'த ரைட்டர் இஸ் வெல் நோன்'.

இப்போது என்னைக் கவிழ்த்த 'எஸ்'. ஆங்கிலப் பெயரடைக்குப் பன்மை கிடையாது. பத்துப் பேருந்து நின்றாலும் 'ரெட் பஸ்ஸஸ்'தான், 'ரெட்ஸ் பஸ்ஸஸ்' இல்லை. 'த்ரீ-மந்த்' என்று கோர்த்ததுமே 'மந்த்' பெயரடை வேலைக்குப் போய்விட்டது. 'எஸ்'ஸை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். தமிழிலும் மூன்று மாதப் பயிற்சி என்றுதானே சொல்கிறோம், மூன்று மாதங்களின் பயிற்சி என்றா? தமிழை நம்பியிருந்தால் தப்பித்திருப்பேன். 'டென்-மினிட் வாக்', 'ஃபைவ்-இயர்-ஓல்ட் கேர்ள்' எல்லாம் இதே கணக்கு.

'ஹைலி பெய்ட்' போல 'லி'யில் முடியும் வினையடை வந்தால் ஹைஃபன் வேண்டாம். அடுத்த சொல்லைத்தான் அது தழுவுகிறது என்பது அந்த 'லி'யிலேயே தெரிந்துவிடும். 'ஃப்ரெண்ட்லி' இதில் சேராது, அது பெயரடை.

ஹைஃபன் வெறும் அலங்காரம் என்பவர்களுக்கு: 'மேன்-ஈட்டிங் ஷார்க்' மனிதனைத் தின்னும் சுறா. ஹைஃபனை எடுத்துவிட்டால், சுறாவைத் தின்னும் மனிதன் என்றும் படிக்கலாம். நமக்கு 'ஐ' உருபு செய்யும் வேலையை அங்கே ஒரு கோடு செய்கிறது.

இலக்கணம் திருத்தும் செயலிகளை நான் இதில் நம்புவதில்லை. இரண்டு வாசிப்புமே இலக்கணப்படி சரி என்றால் செயலி எதைத் திருத்தும்? ஐயம் வந்தால் அகராதிதான்.

பின்சேர்க்கை: 'டென் மினிட்ஸ் வாக்' என்று அச்சிலேயே பார்த்ததாக இருவர் கேட்டிருக்கிறார்கள். 'எஸ்'ஸுக்குப் பின்னால் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வேற்றுமை, 'பத்து நிமிடத்தின் நடை' போல, அதுவும் சரியே. அங்கே ஹைஃபன் வராது. அப்புறம், 'ஃபைவ்-இயர்-ஓல்ட்ஸ்' என்று தனியாக வந்தால் அது ஐந்து வயதுக் குழந்தைகளைக் குறிக்கும் பெயர்ச்சொல். பெயர் ஆகிவிட்டதால் 'எஸ்' திரும்பி வந்துவிடும், ஆனால் கடைசியில் மட்டும்.