ப்ராக்ஸிக்குப் பின்னால் இருப்பது யார்? சான்றிதழ் சரிபார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்ஜின்எக்ஸ் என்ற வெப் செர்வரை ப்ராக்ஸியாக, அதாவது பயனருக்கும் உண்மையான செர்வருக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகராக, முன்னால் நிறுத்தி, 'ப்ராக்ஸி_பாஸ்' வரியில் பின்னால் உள்ள செர்வருக்கு எச்டிடிபிஎஸ் முகவரி கொடுத்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று பலரும் நம்புகிறார்கள். பாதிதான் வந்திருக்கிறது. அந்த வரி தகவலைப் பூட்டி அனுப்பும். யாரிடம் அனுப்புகிறோம் என்று, அதாவது எதிரே உள்ள செர்வர் தன் அடையாளமாகக் காட்டும் சான்றிதழ் சரியானதா என்று, பார்க்காது. அதைப் பார்க்கச் சொல்லும் 'ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_வெரிஃபை' கட்டளை இயல்பாகவே ஆஃப் நிலையில்தான் இருக்கிறது. காலாவதியான சான்றிதழ், வேறு பெயருக்கு வாங்கிய சான்றிதழ், யாரோ தானே உருவாக்கித் தானே கையெழுத்திட்ட சான்றிதழ் என்று எதை நீட்டினாலும் என்ஜின்எக்ஸ் ஏற்றுக்கொள்ளும். பயனரின் பாஸ்வேர்டையும் குக்கியையும் அங்கேயே ஒப்படைத்துவிடும். லாகில் ஒரு எச்சரிக்கைகூட வராது. எல்லாம் ஓடுகிறது என்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

கட்டளைப் பெயர்களை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம். கான்ஃபிக் ஃபைலில், அதாவது அமைப்புகளை எழுதும் ஃபைலில், அவை ஆங்கில எழுத்தில், அதே அடிக்கோடுகளோடு வரும்.

சரிபார்ப்பை ஆன் செய்தால் மட்டும் போதாது. எந்த மூலச் சான்றிதழை (சான்றிதழ் வழங்கும் அமைப்பான சிஏவின் சொந்தச் சான்றிதழை) நம்புவது என்பதை 'ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_ட்ரஸ்டட்_செர்டிஃபிகேட்' வரியில் சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் கான்ஃபிக் சோதனையே தோற்றுவிடும். இதோடு 'ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_செர்டிஃபிகேட்' என்ற வரியைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். அது பின் செர்வரிடம் ப்ராக்ஸி தன்னை யார் என்று நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ். எதிராளியைச் சோதிக்க அது உதவாது.

நம்பிக்கை ஃபைலில், அதாவது ட்ரஸ்டட்_செர்டிஃபிகேட் வரி சுட்டும் ஃபைலில், எதை வைப்பது? பின் செர்வர் பொது சிஏ ஒன்று தந்த சான்றிதழ் வைத்திருந்தால், கணினியோடு வரும் மூலச் சான்றிதழ்த் தொகுப்பு போதும். டெபியன், உபுண்டுவில் அது 'ஈடிசி/எஸ்எஸ்எல்/செர்ட்ஸ்' ஃபோல்டரில் 'சிஏ-செர்டிஃபிகேட்ஸ்' என்ற பெயரில் இருக்கும். உங்கள் நிறுவனத்தின் சொந்த சிஏ என்றால் அந்த மூலச் சான்றிதழ் ஒன்றை மட்டும் வையுங்கள். பொதுத் தொகுப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட மூலச் சான்றிதழ்கள் இருக்கின்றன. உள் நெட்வொர்க்கில் இருக்கும் ஒரு செர்வருக்கு அத்தனை பேரும் சாட்சி சொல்ல உரிமை கொடுப்பது தேவையில்லாத வேலை.

அதிகம் பேர் சறுக்குவது பெயரில். 'பேக்கெண்ட்' என்று ஓர் அப்ஸ்ட்ரீம் தொகுதி (பின் செர்வர்களின் பட்டியல்) எழுதி, அதற்குள் இரண்டு ஐபி முகவரிகளைப் போட்டு, ப்ராக்ஸி_பாஸில் 'எச்டிடிபிஎஸ், பேக்கெண்ட்' என்று கொடுப்பது வழக்கமான அமைப்பு. சான்றிதழில் எந்தப் பெயரைத் தேட வேண்டும் என்பதை என்ஜின்எக்ஸ் அந்த ப்ராக்ஸி_பாஸ் வரியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அதாவது 'பேக்கெண்ட்' என்ற பெயருக்கான சான்றிதழைத் தேடும். நீங்கள் சும்மா சூட்டிய பெயருக்கு எந்த சிஏ சான்றிதழ் தரும்? சரிபார்ப்பை ஆன் செய்த கணமே பயனருக்கு 502, அதாவது பின் செர்வரோடு பேச முடியவில்லை என்ற பிழை, வரும். அப்ஸ்ட்ரீம் சான்றிதழ் 'பேக்கெண்ட்' என்ற பெயரோடு பொருந்தவில்லை என்று எர்ரர் லாகில் பதிவாகும். இந்த இடத்தில்தான் பலர் அவசரத்தில் சரிபார்ப்பை மறுபடி ஆஃப் செய்துவிட்டுப் போகிறார்கள். அந்த வரி அப்படியே வருடக்கணக்கில் கிடக்கும்.

செய்ய வேண்டியது வேறு. சான்றிதழில் உண்மையில் இருக்கும் பெயரை 'ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_நேம்' வரியில் எழுதுங்கள். கூடவே 'ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_செர்வர்_நேம்' கட்டளையை ஆன் செய்யுங்கள். இதுவும் இயல்பாக ஆஃப்தான். ஆஃப் என்றால், இணைப்பைத் தொடங்கும்போது எந்தத் தளம் வேண்டும் என்பதை என்ஜின்எக்ஸ் சொல்லாது. ஒரே ஐபியில் பத்துத் தளம் வைத்திருக்கும் செர்வர் தன் முதல் தளத்தின் சான்றிதழை நீட்டிவிடும், பெயர் மறுபடி இடிக்கும். ஹோஸ்ட் ஹெடரை (எந்தத் தளம் வேண்டும் என்று கோரிக்கையோடு போகும் வரியை) 'ப்ராக்ஸி_செட்_ஹெடர்' வழியாக மாற்றியிருக்கிறோமே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஹோஸ்ட் ஹெடர் பூட்டு போட்ட பிறகு உள்ளே போகும் விஷயம். சான்றிதழ் பேச்சு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

அடுத்தது சங்கிலி: செர்வரின் சான்றிதழ், அதற்குக் கையெழுத்திட்ட இடைநிலைச் சான்றிதழ், அதற்குக் கையெழுத்திட்ட மூலச் சான்றிதழ் என்ற வரிசை. பிரவுசரில் பின் செர்வர் எச்சரிக்கை இல்லாமல் திறக்கிறது, ப்ராக்ஸி மட்டும் மறுக்கிறது என்றால் முதலில் இடைநிலைச் சான்றிதழைச் சந்தேகியுங்கள். செர்வர் தன் சான்றிதழை மட்டும் அனுப்பி இடைநிலையை விட்டுவிட்டாலும், குரோம் போன்ற பிரவுசர்கள் அதைத் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளும். என்ஜின்எக்ஸ் தேடாது. எர்ரர் லாகில் இருக்கும் எண் இங்கே நல்ல வழிகாட்டி. 21 என்றால் பெரும்பாலும் இடைநிலை வரவில்லை. 20 என்றால் மூலச் சான்றிதழ் உங்கள் நம்பிக்கை ஃபைலில் இல்லை. 18 என்றால் தானே கையெழுத்திட்டது. 10 என்றால் காலாவதி, ஆனால் ப்ராக்ஸி மெஷினின் கடிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள்.

இடைநிலை வராத குறையைப் பின் செர்வரில்தான் சரிசெய்ய வேண்டும். சான்றிதழ் வாங்கித் தரும் செர்ட்பாட் கருவியைப் பயன்படுத்தினால் 'செர்ட்' ஃபைலுக்குப் பதில் 'ஃபுல்செயின்' ஃபைலைக் கொடுங்கள். இடைநிலையைப் ப்ராக்ஸியின் நம்பிக்கை ஃபைலில் ஒட்டினாலும் வேலை செய்யும்தான். ஆனால் சிஏ இடைநிலையை மாற்றும் நாளில் காரணம் புரியாமல் நிற்கும்.

சங்கிலியின் ஆழமும் ஒரு வரம்பு. 'ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_வெரிஃபை_டெப்த்' இயல்பாக 1, அதாவது ஓர் இடைநிலை. பெரிய நிறுவனங்களின் உள் சிஏவில் இரண்டு இடைநிலைகள் இருப்பது சகஜம். அங்கே 2 என்று எழுத வேண்டும். 10, 20 என்று போட்டுவிடுவதில் பயனில்லை, எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.

அப்பாச்சி என்ற இன்னொரு வெப் செர்வரில் வேறு வகைப் பொறி. பெயரையும் காலாவதியையும் 2.4 பதிப்பு இயல்பாகவே பார்க்கிறது. ஆனால் 'எஸ்எஸ்எல்ப்ராக்ஸிவெரிஃபை' இயல்பாக 'நன்' (எதுவும் வேண்டாம்), கையெழுத்திட்டது யார் என்று பார்க்காது. சரியான பெயரைப் போட்டுத் தானே கையெழுத்திட்ட சான்றிதழ் உள்ளே வந்துவிடும். 'ரிக்வயர்' என்று மாற்றி, சிஏ ஃபைலையும் கொடுங்கள். எச்ஏப்ராக்ஸி என்ற ப்ராக்ஸி மென்பொருளில் சிஏ ஃபைல் இல்லையென்று கான்ஃபிக் மறுக்கும்போது 'வெரிஃபை நன்' சேர்த்துத் தப்பிப்பதும் இதே தவறுதான்.

எதிர்த்திசையில், பயனரிடம் சான்றிதழ் கேட்கும் 'எஸ்எஸ்எல்_வெரிஃபை_க்ளையண்ட்' அமைப்பில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: அங்கே பொதுத் தொகுப்பைக் கொடுக்கவே கூடாது. அந்த சிஏக்களில் எதனிடமாவது பயனர் தரப்பில் செல்லும் சான்றிதழை வாங்கிய யாரும் உள்ளே வரலாம். உங்கள் சொந்த சிஏ மட்டும்.

எல்லாம் எழுதியபின் தளம் திறக்கிறதா என்று மட்டும் பார்த்தால் அது சோதனை ஆகாது. சரிபார்ப்பு ஆஃப் ஆக இருந்தாலும் தளம் திறக்கும். திறக்கக் கூடாதது திறக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்எஸ்எஸ்எல் டாட் காம் தளத்தில் காலாவதியானது, தவறான பெயர், தானே கையெழுத்திட்டது என்று தனித்தனி முகவரிகள் இருக்கின்றன. கான்ஃபிக்கில் ஒரு சோதனை லொகேஷன் தொகுதியில் பொதுத் தொகுப்பை வைத்து ஒவ்வொன்றையும் ப்ராக்ஸி_பாஸில் கொடுங்கள். செர்வர்_நேம் கட்டளை அங்கேயும் ஆன் ஆக இருக்க வேண்டும். மூன்றுக்கும் 502 வர வேண்டும், லாகில் காரணம் வெவ்வேறாக இருக்க வேண்டும். கமாண்ட் லைனில் ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியை வைத்துச் சோதிப்பவர்கள் 'வெரிஃபை_ரிட்டர்ன்_எர்ரர்' விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழ் தவறாக இருந்தாலும் அது இணைப்பைத் தொடரும்.

சரிபார்ப்பு ஆன் ஆனபிறகு, பின் செர்வரின் சான்றிதழ் காலாவதியாகும் நாள் உங்கள் தளம் 502 காட்டும் நாளாகிவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 'செக்எண்ட்' சோதனையை 1209600 விநாடிக்கு, அதாவது 14 நாளுக்கு, தினமும் ஓடும்படி க்ரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வசதியில்) போட்டு வையுங்கள். நம்பிக்கை ஃபைலை மாற்றினால் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்ய மறக்காதீர்கள். அதுவரை அது நினைவில் இருக்கும் பழைய ஃபைலை வைத்துத்தான் முடிவெடுக்கும்.