இங்கிலாந்து கால்பந்தின் ஆதிக்க அணிகள்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் எது பெரிய கிளப் என்று வாக்குவாதம் ஆரம்பித்தால், பாதிப் பேர் கணக்கை 1992-ல் இருந்துதான் தொடங்குவார்கள். இருக்கிற தவறுகளிலேயே பெரியது இதுதான். அந்த ஆண்டு லீகின் மேல்மட்டத்துக்குப் பிரீமியர் லீக் என்று பெயர் மாறியது, நிர்வாகம் மாறியது, டிவி பணம் கொட்டத் தொடங்கியது. ஆனால் அதுவரை மேல்மட்டமாக இருந்த முதல் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த அதே அணிகள்தான் பிரீமியர் லீகுக்குள் வந்தன. சீசன் முடிவில் கடைசி அணிகள் கீழ் டிவிஷனுக்கு இறங்குவதும் அங்கே முன்னணியில் வந்தவை மேலே ஏறுவதும் வழக்கம்போல நடந்தன.

லீக் தொடங்கியது 1888-ல், 12 அணிகளோடு. நடுவில் இருக்கும் நூறு ஆண்டுகளை அழித்துவிட்டால் லிவர்பூலுக்கு 2020, 2025 என்று இரண்டு பட்டங்கள்தான் மிஞ்சும். 1973 முதல் 1990 வரையிலான 18 சீசன்களில் 11 முறை சாம்பியனான அணி அது! எவர்டனின் ஒன்பது பட்டங்கள், ஆஸ்டன் வில்லாவின் ஏழு, சண்டர்லாந்தின் ஆறு எல்லாம் சுத்தமாகக் காணாமல் போய்விடும்.

சரி, எல்லாவற்றையும் கூட்டி மொத்தத்தைப் பார்க்கலாம் என்றால் அதுவும் முழு விடை ஆகாது. 2025 முடிவில் லிவர்பூலுக்கு 20, மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் 20. யுனைடெட்டின் இருபதில் 13 பட்டங்கள் 1993-க்கும் 2013-க்கும் இடையில், ஃபெர்குசன் என்ற ஒரே மேனேஜரின் கீழ் வந்தவை. அதற்கு முன்பு 26 ஆண்டுகள் பட்டமே இல்லை. நடுவில் 1974-ல் இரண்டாம் டிவிஷனுக்கே இறங்கினார்கள். லிவர்பூலின் அந்தப் பதினொன்று ஷாங்க்லி, பெய்ஸ்லி, ஃபேகன், டால்கிளிஷ் என்று நான்கு பேரின் கையில் தொடர்ந்து வந்தவை. வில்லாவை எடுத்தால், ஏழில் ஐந்து 1894 முதல் 1900-க்குள் முடிந்துவிட்டது. அடுத்தது 1910, கடைசி 1981. எத்தனை என்று கேட்கும்போதே எப்போது என்றும் கேட்டால்தான் ஆதிக்கம் என்பதற்கு ஏதாவது பொருள் இருக்கும்.

புள்ளிகளை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அடுத்த தவறு. 2017-18-ல் மான்செஸ்டர் சிட்டி 100 புள்ளிகள் எடுத்தது. 1978-79-ல் லிவர்பூல் எடுத்தது 68. ஆனால் அப்போது வெற்றிக்கு இரண்டு புள்ளிதான். மூன்று கொடுக்க ஆரம்பித்தது 1981-ல். அந்த லிவர்பூல் 42 ஆட்டங்களில் 30 வென்று, 8 டிரா செய்து, வெறும் 16 கோல்களை மட்டுமே விட்டது. இன்றைய கணக்கில் அது 98 புள்ளி, நான்கு ஆட்டம் கூடுதலாக ஆடி. இந்த மாற்றுக்கணக்கையும் ரொம்ப நம்பிவிடக் கூடாது. டிராவுக்கு வெற்றியில் பாதி மதிப்பு இருந்த காலத்தில் அணிகள் வெளியூரில் ஆடிய விதமே வேறு. தோல்வியே இல்லாத சீசனும் இப்படித்தான்: பிரெஸ்டன் நார்த் எண்ட் 1888-89-ல் 22 ஆட்டங்களில் சாதித்ததை ஆர்சனல் 2003-04-ல் 38 ஆட்டங்களில் செய்தது. எனக்குக் கேட்டால் ஆர்சனலுடையதுதான் கடினம். பிரெஸ்டன் ரசிகர்கள் அதே சீசனில் ஒரு கோல்கூட விடாமல் எஃப்.ஏ. கோப்பையையும் (லீகுக்கு வெளியே நடக்கும் நாக்-அவுட் போட்டி) வென்றதைச் சொல்லிச் சண்டைக்கு வருவார்கள், அதுவும் நியாயம்தான்.

அப்புறம், "அந்தக் காலத்தில் பணம் பேசவில்லை" என்ற பேச்சு. இது பிரெஸ்டனிடமே பொய்த்துப்போகிறது. வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்ற விதி இருந்தபோதே கொடுத்ததற்காக 1884-ல் அவர்களை எஃப்.ஏ. கோப்பைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். அடுத்த ஆண்டே சம்பளம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அந்த அணியின் முதுகெலும்பே ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள்தான். 1928-ல் டேவிட் ஜாக் என்ற வீரரை வாங்க ஆர்சனல் 10,000 பவுண்டுக்கு மேல் கொடுத்தபோதும் ஊரே வாய்பிளந்தது.

பணம் எப்போதும் இருந்தது. அதற்குப் போட்டிருந்த கடிவாளம்தான் இப்போது இல்லை. 1961 வரை வீரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, கடைசியில் அது வாரம் 20 பவுண்டு. 1983 வரை டிக்கெட் வருமானத்தில் ஒரு பங்கு வந்து ஆடும் அணிக்கும் போனது. இதன் விளைவு பட்டியலிலேயே தெரிகிறது. 1959 முதல் 1965 வரை ஏழு சீசன், ஏழு வேறு வேறு சாம்பியன்கள்: வுல்வ்ஸ், பர்ன்லி, டாட்டன்ஹாம், இப்ஸ்விச், எவர்டன், லிவர்பூல், யுனைடெட். இதில் இப்ஸ்விச்சுக்கு அதுதான் மேல்மட்டத்தில் முதல் சீசனே. உச்சவரம்பு போனதும் உடனே எல்லாம் மாறிவிடவில்லை. 1960-லிருந்து 1976 வரை ஒருவராலும் பட்டத்தைத் தக்கவைக்க முடியவில்லை. 1977-ல் லிவர்பூல்தான் அந்த வழக்கத்தை உடைத்தது.

எல்லாப் பெருமையையும் மேனேஜர் தலையில் கட்டுவதும் சரியல்ல. ஹெர்பர்ட் சாப்மன் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு 1924, 1925 பட்டங்களை வாங்கிக் கொடுத்துவிட்டு ஆர்சனலுக்குப் போனார். அவர் இல்லாமலே ஹடர்ஸ்ஃபீல்ட் 1926-லும் வென்றது. ஆர்சனலிலும் அதே கதை. 1931-ல் லண்டனுக்கு முதல் லீக் பட்டத்தைக் கொண்டுவந்தவர், 1934 ஜனவரியில் சீசன் நடுவில் இறந்துபோனார். ஆர்சனல் அந்த சீசனையும் அடுத்ததையும் வென்றது.

ஐரோப்பியக் கோப்பைகளை (இன்றைய சாம்பியன்ஸ் லீகின் பழைய பெயர்) வைத்து உள்நாட்டு ஆதிக்கத்தை அளக்காதீர்கள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 1979, 1980 என்று இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள் வைத்திருக்கிறது. லீக் பட்டம் ஒன்றே ஒன்று, 1978-ல்.

மேலே இருக்கும் அணி சரிந்தாலும் மெதுவாகத்தான் சரியும் என்று நினைப்பவர்களுக்கு மான்செஸ்டர் சிட்டியின் பழைய கதை போதும். 1937-ல் சாம்பியன். 1937-38-ல் அந்த டிவிஷனிலேயே அதிகமாக 80 கோல்கள் அடித்தும் கீழே இறங்கிப்போனது. மூன்று தொடர் பட்டங்களை முதன்முதலில் வென்ற ஹடர்ஸ்ஃபீல்டுக்கோ 1926-க்குப் பிறகு ஒரு லீக் பட்டம்கூடக் கிடைக்கவில்லை. 1975-ல் நான்காம் டிவிஷன் வரை போய் நின்றது.