ஐரோப்பிய ரயில் பாஸ்: கணக்குத் தவறும் இடங்கள்

ஐரோப்பாவுக்குப் புறப்படும் நம்மவர் பலர் விமானச்சீட்டு எடுத்த கையோடு யூரெயில் பாஸையும் வாங்கிவிடுகிறார்கள். 33 நாடுகளின் ரயில்களுக்கு ஒரே சீட்டு என்பது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த ஊருக்கு, எந்த ரயிலில், எத்தனை நாள் என்பது முடிவாகும் முன்பே பாஸ் வாங்குவது தவறு. பின்னால் வரும் தவறுகளில் பாதி இதிலிருந்தே முளைக்கின்றன.

அதிகம் காசைக் கரைப்பது இருக்கை முன்பதிவுக் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃபிரெச்சாரோசா, ஸ்பெயினின் ஆவே போன்ற அதிவேக ரயில்களில், பாஸ் கையில் இருந்தாலும் இருக்கைக்குத் தனியே பணம் கட்டி முன்பதிவு செய்தே ஆக வேண்டும். உள்நாட்டுப் பயணங்களுக்கு இது ஏறக்குறைய பத்து முதல் இருபது யூரோ. லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையிலான யூரோஸ்டாரில் முப்பது யூரோ அல்லது அதற்கு மேல். யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கென ஒதுக்கப்படும் இடங்களும் அளவானவை என்பதால், கோடை விடுமுறையில் அவை தீர்ந்த பிறகும் அதே ரயிலில் சாதாரணச் சீட்டு விற்பனையில் இருக்கும். ஆகவே பாரிஸ், பார்சிலோனா, மாட்ரிட், செவில்லே என்று போகிறவருக்கு ஒவ்வொரு கட்டத்திலும் கூடுதல் செலவு காத்திருக்கிறது. மாறாக, கொலோன், வூர்ஸ்பர்க், மியூனிக், சால்ஸ்பர்க், வியன்னா என்று போகிறவர் பெரும்பாலும் முன்பதிவே இல்லாமல், வரும் ரயிலில் ஏறிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், பாஸ் என்பது ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்துப் பக்கம் சுற்றுவோருக்கே உண்மையில் பயன்படும் பொருள். இத்தாலியிலும் வழி இல்லாமல் இல்லை: மிலானிலிருந்து வெரோனா வழியாக வெனிஸுக்கு வட்டார ரயில்களில் போனால் ஒரு மணி நேரம் கூடுதலாகும், ஆனால் முன்பதிவு தேவைப்படாது.

அடுத்தது, பயண நாள்களை வீணாக்குவது. ஒரு மாதத்துக்குள் விரும்பிய 7 நாள்களில் பயணம் செய்யும் பாஸ் 380 யூரோ என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளின் அடக்கவிலை சுமார் 54 யூரோ. அன்றைய பயணச்சீட்டு அதற்குக் குறைவாகக் கிடைக்குமானால் பாஸைத் தொடக்கூடாது. இதைப் பிறருக்குச் சொல்லும் நானே, ஒருமுறை வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு, ஒரு மணி நேரத்துப் பயணத்துக்கு, பயண நாள் ஒன்றைச் செலவழித்தேன். அந்தத் தூரத்துக்குச் சீட்டு பதினைந்து யூரோவைத் தாண்டாது என்பது திரும்பி வந்த பிறகுதான் உறைத்தது. லக்ஸம்பர்க்கிலோ 2020 முதல் உள்நாட்டுப் போக்குவரத்தின் இரண்டாம் வகுப்புக்குக் கட்டணமே கிடையாது. இரவு ரயில் விஷயத்தில் விதி நமக்குச் சாதகமானது: நள்ளிரவுக்கு முன் புறப்பட்டு மறுநாள் காலை போய்ச் சேரும் ரயிலுக்குப் புறப்படும் நாள் மட்டுமே கணக்காகும். நள்ளிரவுக்குப் பின் இடையில் ரயில் மாறினால் மட்டும் இரண்டாவது நாளும் கழியும்.

பாஸ் லாபம் என்று காட்டும் கணக்குகள் பெரும்பாலும் அதைக் கடைசி நேரத்து முழுக்கட்டணத்தோடு ஒப்பிடுகின்றன. இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்பே வாங்கும் சலுகைச் சீட்டோடு ஒப்பிட்டால் விடை பல சமயம் தலைகீழாகும். அதே நேரத்தில், சலுகைச் சீட்டு குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும் என்பதையும், பெரும்பாலும் பணம் திரும்பாது என்பதையும் மறந்துவிடக்கூடாது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் உள்நாட்டு ரயில்களுக்கு முன்கூட்டி வாங்குவதால் பெரிய ஆதாயமில்லை. இணைப்பு ரயில் பிடிக்க வேண்டிய பயணத்தை மலிவுக்காகத் தனித்தனிச் சீட்டுகளாக உடைப்பது இன்னொரு பொறி: முழுப் பயணத்துக்கும் ஒரே சீட்டு இருந்தால், முதல் ரயிலின் தாமதத்தால் அடுத்தது தவறும்போது மாற்று ரயிலில் ஏற்றிவிடுவது ரயில் நிறுவனத்தின் பொறுப்பு, சீட்டைப் பிரித்துவிட்டால் அந்தச் சுமை நம் தலையில் விழும்.

எந்தப் பாஸ் என்பதிலும் குழப்பம் உண்டு. 1959இல் தொடங்கிய யூரெயில் ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு. 1972இல் வந்த இன்டர்ரெயில் அங்கே வசிப்பவர்களுக்கு. குடியுரிமை அல்ல, வசிப்பிடமே அளவுகோல். ஆகவே சென்னையிலிருந்து போகும் அத்தை யூரெயிலும், இந்தியக் கடவுச்சீட்டோடு லண்டனில் குடியிருக்கும் மருமகன் இன்டர்ரெயிலும் வாங்க வேண்டும். மருமகனுக்கு, தான் வசிக்கும் பிரிட்டனுக்குள் மட்டும், நாட்டைவிட்டு வெளியே போக ஒன்று, திரும்பி வர ஒன்று என இரண்டு பயணங்களே கிடைக்கும். 27 வயது வரையிலும் 60 வயது முதலும் தள்ளுபடி உண்டு. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெரியவரோடு பாஸ் இலவசம், ஆனால் அவர்களுடைய இருக்கை முன்பதிவு இலவசமல்ல. நால்வர் கொண்ட குடும்பம் நான்கு முன்பதிவுக்கும் பணம் கட்ட வேண்டும்.

பாஸ் எல்லாவற்றையும் உள்ளடக்காது. நகர மெட்ரோவும் டிராமும் சேராது. வீகோ (Ouigo), ஃபிலிக்ஸ்டிரெய்ன் போன்ற மலிவு ரயில்களும் அப்படியே. சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் மலைக்கணவாய்க்கு ஏறும் ரயிலில் கட்டணச் சலுகை மட்டுமே கிடைக்கும்.

கைப்பேசிப் பாஸ் வைத்திருப்பவர், ரயிலில் ஏறும் முன்பே செயலியில் அந்தப் பயணத்தைச் சேர்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாஸ் வாங்கியவரும் சீட்டில்லாத பயணிதான். தனிச்சீட்டை நம்புகிறவருக்கு இத்தாலியில் இதற்கு இணையான ஒன்று உண்டு: வட்டார ரயிலுக்கான காகிதச் சீட்டை, ஏறும் முன் நிலையத்தில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். மறந்தால், காசு கொடுத்து வாங்கிய சீட்டு கையில் இருக்கும்போதே அபராதமும் கட்ட நேரிடும்.