'ரன்' என்றதும் 'ஓடு' என்று எழுதிவிடாதீர்கள்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே வந்துவிடும் சொல் 'ரன்'. மூன்றே எழுத்து, பொருள் 'ஓடு', அத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் திருத்தப் பணியில் இந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் பிரிக்கப்பட்டன. அதற்கு முன் 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 430 பொருள்களோடு முன்னால் நின்ற சொல் 'செட்'. 645-ஐயும் யாரும் உருப்போட வேண்டியதில்லை. இருபது, இருபத்தைந்து தெரிந்தால் அன்றாடத்துக்குத் தாராளம். ஆனால் அந்த இருபத்தைந்துக்குள்தான் மொழிபெயர்ப்பிலும் கட்டுரையிலும் அலுவலக மின்னஞ்சலிலும் அதே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

இந்தப் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். 'ரன்' என்பதற்கு இணைச்சொல் என்ன என்று கேட்கிறோம். அப்படிக் கேட்டால் பதில் இல்லை. இணைச்சொல் ஒரு சொல்லுக்கு அமைவதில்லை, அந்தச் சொல்லின் ஏதோ ஒரு பொருளுக்குத்தான் அமைகிறது. முதலில் எந்தப் பொருள் என்று பிடித்த பிறகே மாற்றுச் சொல்லைத் தேட முடியும்.

தமிழில் 'ஓடு' எதுவரை ஓடும்?

சிக்கல் என்னவென்றால், நம் 'ஓடு'வும் லேசுப்பட்டதில்லை. ஆறு ஓடும், அதிலிருந்துதான் ஓடை. இயந்திரம் ஓடும், படம் ஓடும், பொழுது ஓடும், தலைவலி வந்தால் மூளை ஓடாது. ஆங்கிலச் சொல்லின் உறவுக்கார ஜெர்மன் சொல்லான 'ரின்னன்' இன்றும் ஒழுகுவதையும் வழிவதையும்தான் குறிக்கிறது. அதனால் குழாய்த் தண்ணீருக்கு 'ரன்' வருவது பிற்காலத்தில் ஒட்டவைத்த உவமை இல்லை, வேரிலேயே இருக்கிறது. இரண்டு மொழியும் இவ்வளவு தூரம் ஒன்றாகப் போவதால், கடைசிவரை ஒன்றாகவே போகும் என்று நம்பிவிடுகிறோம்.

போகாது. 'ஷி ரன்ஸ் எ கம்பெனி' என்றால் நிறுவனத்தை நடத்துகிறார். 'ஹிஸ் நோஸ் இஸ் ரன்னிங்' என்றால் மூக்கு ஒழுகுகிறது. மூக்கு ஓடினால் பிடிக்க ஆள் அனுப்ப வேண்டியதுதான். 'ரன் எ ஃபீவர்' என்றால் காய்ச்சல் அடிக்கிறது. 'ரன் ஃபார் பிரசிடென்ட்' என்றால் அதிபர் பதவிக்குப் போட்டியிடுவது. (அமெரிக்க ஆங்கிலத்தில் 'ரன்', பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு 'ஸ்டாண்ட்'. ஒரே காரியத்துக்கு ஓர் ஊரில் ஓடுகிறார்கள், இன்னோர் ஊரில் நிற்கிறார்கள். தமிழில் நாமும் தேர்தலில் 'நிற்கிறோம்'.) 'இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி' என்பது பரம்பரையாக வருவது.

இவற்றில் தவறினால் படிப்பவருக்குச் சிரிப்பு வரும், பிழை என்று உடனே தெரிந்துவிடும். சிரிப்பு வராமல் நுழைந்துவிடுபவைதான் ஆபத்து. 'இன் த லாங் ரன்' என்பதை 'நீண்ட ஓட்டத்தில்' என்று எழுதுவது இப்போது கண்ணுக்குப் பழகிவிட்டது. 'நாளடைவில்', 'போகப்போக', 'நீண்டகால நோக்கில்' என்று மூன்று நல்ல வழிகள் தமிழில் இருக்கும்போது அது தேவையே இல்லை. 'பேங்க் ரன்' என்பதை 'வங்கி ஓட்டம்' என்று எழுதினால் பொருளே போய்விடுகிறது. வங்கி திவாலாகிவிடுமோ என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பதுதான் அது. ஒற்றைச் சொல்லில் அடைக்காமல் விரித்து எழுதுவதே சரி. 'டிரை ரன்' என்றால் ஒத்திகை. 'பிரின்ட் ரன்' என்றால் ஒரு தடவையில் அச்சடிக்கும் பிரதிகளின் எண்ணிக்கை. 'அச்சு ஓட்டம்' என்று எழுதினால் எண்ணிக்கை என்ற செய்தி விடுபட்டுவிடும்.

துணிக்குச் சாயம் போவதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 'த கலர் ரன்ஸ்' என்றால் நனைத்ததும் சாயம் இறங்கி, கூட ஊறும் வெள்ளைத் துணியில் ஏறிவிடுகிறது என்று பொருள். வெயிலில் காயக்காய நிறம் மங்குவதற்கு 'ஃபேட்'. தமிழில் இரண்டையும் 'சாயம் போகுது' என்றே சொல்கிறோம். அதனால் ஆங்கிலத்தில் புகார் எழுதும்போது எது நடந்தது என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற துணிகளும் பாழானால் 'ரன்'. அந்தத் துணி மட்டும் வெளுத்தால் 'ஃபேட்'. மாற்றி எழுதினால் பதில் சொல்பவர் வேறொரு குறைக்குப் பதில் சொல்வார்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது

எதிர்த்திசையிலும் இதே கதை. வண்டி ஓட்டுவது 'டிரைவ்'; இரு சக்கரமானால் 'ரைடு'. 'ஐ ரன் எ கார்' என்று எழுதினால் அது பிழையான வாக்கியமில்லை, ஆனால் பொருள் வேறு: சொந்தமாகக் கார் வைத்து, எரிபொருள், பழுது, காப்பீடு என்று அதைப் பராமரிக்கிறேன் என்று ஆகும். இலக்கணம் சரியாக இருந்து பொருள் மட்டும் தவறுவதால் எந்தப் பிழைதிருத்தியும் இதைக் காட்டிக்கொடுக்காது.

'வண்டி எவ்வளவு ஓடியிருக்கு?' என்பதற்கு 'ஹவ் மெனி கிலோமீட்டர்ஸ் ஹாஸ் இட் டன்' என்பதுதான் இயல்பு. 'படம் நல்லா ஓடுது' என்றால் நாம் சொல்வது வசூலை; 'த ஃபிலிம் இஸ் ரன்னிங் வெல்' என்று எழுதினால் திரையிடும் கருவி ஒழுங்காக இயங்குகிறது என்று எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. 'டூயிங் வெல்' என்று போட்டால் குழப்பமில்லை. நாள் கணக்கு சேர்த்தால் மட்டும் 'ரன்' கச்சிதமாகப் பொருந்தும்: 'இட் ரான் ஃபார் எ ஹண்ட்ரட் டேஸ்'.

இணைச்சொல் அகராதியைத் தப்பாகத் திறப்பது

1852-இல் பீட்டர் மார்க் ரோஜட் வெளியிட்ட இணைச்சொல் களஞ்சியம் அகர வரிசையில் அமைந்ததில்லை. கருத்துகளின் அடிப்படையில் சொற்களை வகுத்துவைத்திருந்தார். முதலில் கருத்தைக் கண்டுபிடி, பிறகு சொல்லை எடு என்பதுதான் அதன் வழி. இன்று தேடுபெட்டியில் 'ரன்' என்று தட்டினால் ஸ்பிரின்ட், ஆபரேட், ஃப்ளோ, மேனேஜ், போல்ட், எக்ஸ்டெண்ட் எல்லாம் ஒரே மூட்டையாக வந்து விழுகின்றன. வரிசையில் முதலில் நிற்பதை எடுத்துப் போட்டுவிடுகிறோம்.

காலால் ஓடும் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் உள்ளே பிரிவுகள் உண்டு. 'ஸ்பிரின்ட்' என்பது குறுகிய தூரத்தை முழு வேகத்தில் கடப்பது. தடகளத்தில் 100, 200, 400 மீட்டர் பந்தயங்கள் அந்த வகை. 42.195 கிலோமீட்டர் மாரத்தானை 'ஸ்பிரின்ட்' செய்தார் என்று எழுத முடியாது. கடைசி 200 மீட்டரை வேண்டுமானால் அப்படிக் கடந்தார் எனலாம். 'ஜாக்' மெதுவோட்டம், அதில் அவசரம் இருக்கக் கூடாது. 'டேஷ்' என்றால் ஏதோ ஒன்றுக்காகச் சட்டென்று ஒரு பாய்ச்சல். 'போல்ட்' என்பதில் மிரட்சியோ தப்பிக்கும் எண்ணமோ இருக்கும். குதிரை மிரண்டு பிய்த்துக்கொண்டு ஓடுவது அது. 'ஸ்கேம்பர்' குழந்தைக்கும் அணிலுக்கும் பொருந்தும், காவல்துறை அதிகாரிக்குப் போட்டால் கேலியாகிவிடும். 'ஃப்ளீ' என்றால் ஆபத்திலிருந்து தப்பியோடுவது. கால் அசைய வேண்டும் என்றுகூட இல்லை, விமானத்தில் போனாலும் 'ஃப்ளீ'தான்.

நடத்துவது, இயக்குவது என்ற பொருளில்தான் இலக்கணம் குறுக்கே வரும். 'ரன்' இரண்டு பக்கமும் வேலை செய்யும்: இயந்திரமும் ரன் ஆகும், நீங்களும் இயந்திரத்தை ரன் செய்யலாம். 'ஆபரேட்' அப்படியே. ஆனால் 'ஃபங்ஷன்' தன்வினை மட்டும். 'த மெஷின் ஃபங்ஷன்ஸ்' சரி, 'ஹி ஃபங்ஷன்ஸ் த மெஷின்' தவறு. இந்தப் பொருளில் 'மேனேஜ்', 'கண்டக்ட்' இரண்டுக்கும் செயப்படுபொருள் வேண்டும். அதிலும் 'மேனேஜ்' என்பதில் 'எப்படியோ சமாளித்தேன்' என்ற வாடை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஷி மேனேஜ்ட் டு ரன் த டிபார்ட்மென்ட்' என்று எழுதினால் பாராட்டா குறையா என்று படிப்பவர் யோசிப்பார். 'கண்டக்ட்' தேர்வுக்கும் ஆய்வுக்கும் நேர்காணலுக்கும் பொருந்தும், நிறுவனத்துக்குப் பொருந்தாது. செய்தித்தாள் ஒரு செய்தியை 'ரன்' செய்யும், 'பப்ளிஷ்' என்றாலும் சரி. புத்தகத்தை 'பப்ளிஷ்' மட்டுமே செய்ய முடியும்.

வால் மாறினால் ஆளே மாறுவது

'ரன்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் குட்டிச் சொல்லைக் கவனிக்காமல் விடுவதுதான் இருப்பதிலேயே விலை அதிகமான தவறு. 'ஐ ரான் இன்ட்டு மை டீச்சர்' என்றால் ஆசிரியரை எதிர்பாராமல் சந்தித்தேன். 'ஐ ரான் ஓவர் மை டீச்சர்' என்றால் அவர் மேல் வண்டியை ஏற்றிவிட்டேன். 'ஐ ரான் டவுன் மை டீச்சர்' என்றால் வண்டியால் இடித்துத் தள்ளினேன், அல்லது அவரைப் பற்றி மட்டமாகப் பேசினேன்.

பிரதிப்பெயர் எங்கே உட்கார வேண்டும் என்பதும் இதில் அடக்கம். 'ரன் இன்ட்டு' பிரியாது. 'ரான் இன்ட்டு ஹிம்' மட்டுமே. இடித்தலானாலும் இகழ்தலானாலும் 'ரன் டவுன்' பிரியும். பிரதிப்பெயர் நடுவில்தான் வர வேண்டும்: 'ரான் ஹிம் டவுன்'. 'இன்ட்டு'வுக்கு வேறு வேலைகளும் உண்டு. தூணின் மேல் மோதுவதும் அதுதான், சிக்கலில் மாட்டுவதும் அதுதான், செலவு லட்சக்கணக்கில் போவதும் அதுதான். ஆள் வந்தால் சந்திப்பு, தூண் வந்தால் மோதல், தொகை வந்தால் அளவு. பின்னால் வரும் பெயர்ச்சொல்லே தீர்ப்பு சொல்லிவிடும்.

'ரன் அவுட்' கிரிக்கெட்டால் நமக்கு நன்கு பழக்கம், அதனாலேயே தடுக்குகிறது. தீர்ந்துபோவது என்ற பொருளில் இதற்கு இரண்டு அமைப்பு. பொருள் எழுவாயானால் 'ஆஃப்' கிடையாது: 'த மில்க் ஹாஸ் ரன் அவுட்', பால் தீர்ந்துவிட்டது. ஆள் எழுவாயானால் 'ஆஃப்' கட்டாயம்: 'வி ஹாவ் ரன் அவுட் ஆஃப் மில்க்'. 'வி ரான் அவுட் மில்க்' என்பது எந்தக் கணக்கிலும் சேராது. 'ரன் லோ', 'ரன் டிரை', 'ரன் ஷார்ட்' இவற்றில் 'ரன்' என்பதற்கு 'ஆகு' என்றே பொருள், அதனால் பின்னால் பெயரடைதான் வரும். கிணறு 'ரான் டிரை', 'டிரைலி' இல்லை. 'ஐ ஆம் ரன்னிங் லேட்' என்பவர் நாற்காலியில் அமர்ந்தபடியே தாமதமாகிக்கொண்டிருக்கலாம்.

காலமும் எழுத்தும்

மூன்று வடிவங்கள்: ரன், ரான், ரன். நடுவில் உள்ளது மட்டுமே மாறும். 'ஹாவ்', 'ஹாஸ்', 'ஹாட்' வந்தால் மூன்றாவது வடிவம்தான். 'ஹாட் ரான்' என்பது பேச்சில் காதுக்குத் தப்பிவிடும், எழுத்தில் தப்பாது. 'ரன்னிங்' என்று எழுதும்போது 'என்' இரட்டிக்கும்.

இன்னொன்று பலர் கண்ணிலேயே படுவதில்லை. சாலை, வேலி, குழாய், எல்லைக்கோடு போன்றவை நீண்டு கிடப்பதைச் சொல்லும்போது நிகழ்காலத் தொடர்வினை வராது. 'த ரோட் ரன்ஸ் அலாங் த ரிவர்' என்பதே சரி. தமிழில் 'சாலை ஆற்றோரமாகச் செல்கிறது' என்கிறோம், அந்தக் 'கிறது' கையை இழுத்துக்கொண்டு போய் 'இஸ் ரன்னிங்' என்று எழுதவைக்கிறது. இயந்திரத்துக்கு மட்டும் இரண்டும் உண்டு: 'த என்ஜின் இஸ் ரன்னிங்' என்றால் இந்த நேரத்தில் இயங்குகிறது, 'த என்ஜின் ரன்ஸ் ஆன் டீசல்' என்றால் அது டீசல் என்ஜின். 'ரன் த ரிஸ்க்' என்ற தொடருக்குப் பின் 'ஆஃப்' போட்டு 'இங்' வடிவம்: 'ரன் த ரிஸ்க் ஆஃப் லூசிங்'. 'டு லூஸ்' வேண்டாம்.

கடைசியாக, சின்னக் கோடு. சேர்த்து எழுதிய 'ரன்டவுன்' பெயர்ச்சொல், சுருக்கமான விவரம் என்று பொருள். 'கிவ் மி எ ரன்டவுன்' என்று மேலாளர் கேட்டால் விஷயத்தை நாலு வரியில் சொல்ல வேண்டும். நடுவில் சிறுகோடு போட்ட 'ரன்-டவுன்' பெயரடை. கட்டிடத்துக்கு வந்தால் பாழடைந்தது, ஆளுக்கு வந்தால் ஓய்ந்துபோனவர். இடைவெளி விட்ட 'ரன் டவுன்' மேலே பார்த்த வினை. அலுவலக அறிக்கையில் கட்டிடத்தைப் பற்றிய சுருக்கத்துக்கு இவற்றில் எதைத் தலைப்பாக வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, பராமரிப்புப் பிரிவிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு மின்னஞ்சல் வரலாம்.